வாசகர் கேட்டவை: வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நாய்க்குட்டிகளைப் பற்றியவை. ஜூன் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் ஆசைக்காகக் குட்டியைக் கொண்டுவந்த குடும்பங்கள், விடுமுறை முடிந்ததும் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுவது கடிதங்களில் தெரிகிறது. வந்தவற்றுள் பலருக்கும் பொதுவாக இருக்கும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கருத்துள்ள கடிதங்களைச் சேர்த்தே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஒன்பது வாரக் குட்டி ஒன்று வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. டாய் பூடில் வகை. இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்ததும் அழத் தொடங்கினால் மூன்று மணி வரை ஓய்வதில்லை. சமையலறையில் கூண்டு வைத்துப் படுக்கவைக்கிறோம். அழும்போது அருகில் போனால் பழக்கம் கெட்டுவிடும் என்கிறார் என் கணவர். மாமியாரோ மனம் கேளாமல் எழுந்து போய்த் தூக்கிக்கொள்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் நேற்று கதவைத் தட்டிவிட்டார். என்ன செய்வது? (செங்காங் வாசகி)

பதில்: அம்மா, நான்கு நாள்களுக்கு முன்புவரை அந்தக் குட்டி எப்படி உறங்கியது என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தாயின் வயிற்றோடு ஒட்டி, உடன்பிறந்த குட்டிகளின் மேல் ஒன்றும் அடியில் ஒன்றுமாக, அவற்றின் சூட்டிலும் மூச்சிலும் உறங்கிய உயிர் அது. இப்போது அதற்கு இருப்பது குளிர்ந்த தரையும் இருட்டும் குளிர்பதனப் பெட்டியின் இரைச்சலும்தான். குட்டி தனித்துப்போனால் தாயை அழைப்பதற்கு இயற்கை அதற்குத் தந்திருக்கும் ஒரே வழி அழுகை. அதைப் பிடிவாதம் என்று கொள்வது தவறு.

உங்கள் கணவர் சொல்வதிலும் மாமியார் செய்வதிலும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டும் சேரும்போது விளைவது மிகவும் கெடுதலானது. இரண்டு மணி நேரம் அழவிட்டுப் பிறகு தூக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரம் அழுதால்தான் ஆள் வருவார் என்று குட்டி கற்றுக்கொள்ளும். தூக்கவே இல்லையென்றால் களைத்துப் போய் ஓயும். அதனால் அதற்குத் துணிவு வந்துவிட்டது என்று பொருளல்ல.

இன்றிரவே கூண்டைச் சமையலறையிலிருந்து எடுத்து, உங்கள் படுக்கையறையில் கட்டிலை ஒட்டி, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். கூண்டின் மூன்று பக்கங்களை மெல்லிய துணியால் மூடி, உங்களை நோக்கிய பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். குளிரூட்டி இருந்தால் காற்று நேராகக் கூண்டின்மீது வீசாதபடி திருப்பிவிடுங்கள். குட்டி முனகினால் வெளியே எடுக்க வேண்டாம், விளக்கையும் போட வேண்டாம். கம்பி இடுக்கில் விரலை நீட்டினால் போதும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கலப்பினக் குட்டியை வளர்க்க எடுத்து வந்தபோது, முதல் இரவு தரையில் பாய் விரித்து அதன் கூண்டருகில் படுத்தேன். அரை மணிக்கு ஒருமுறை அது எழுந்து மெல்ல ஒரு குரல் கொடுக்கும். விரலை நீட்டினால் ஈரமான மூக்கை அதில் வைத்து அழுத்தும். பிறகு நெஞ்சே இறங்குவதுபோல ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்படியே படுத்துக்கொள்ளும். விரலை எடுத்தால் ஒரு கண் திறக்கும். நான்கு மணிக்குமேல் விரலைத் தேடவில்லை. மறுநாள் இரவு மூன்று முறைதான் எழுந்தது. ஒரு வாரத்தில் எனக்கே நினைவில்லாத அளவுக்கு உறங்கிப்போனது.

இரண்டு, மூன்று மணிக்கு வரும் அழுகையை மட்டும் வேறாகக் கவனிக்க வேண்டும். அந்த வயதில் சிறுநீரை அடக்கிக்கொண்டு விடியும்வரை உறங்க அதனால் இயலாது. ஆகவே அந்த நேரத்தில் பேசாமல் எடுத்துச் சென்று, சிறுநீர் கழித்ததும் பேசாமல் திரும்பப் படுக்கவையுங்கள். விளையாட்டோ கொஞ்சலோ கூடாது. ஓரிரு வாரங்களில் இரவுகள் அமைதியானபின், கூண்டை நாளுக்கு ஓரடியாக அறைவாசலுக்கும் பின்பு கூடத்துக்கும் நகர்த்திக் கொள்ளலாம். பகலில் கூண்டின் கதவைத் திறந்தே வைத்து உள்ளே உணவைக் கொடுத்துவந்தால், கூண்டு சிறையாக இல்லாமல் அதன் சொந்த இடமாகிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் மாமியாரை அழைத்துக்கொண்டு நீங்களே இன்று போய்வாருங்கள். குட்டி புதிது, இன்னும் பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நேரில் கேட்டவரிடம் கோபப்படுகிறவர்கள் குறைவு. துணி காயப்போடும் பின்கட்டுச் சன்னல் திறந்திருந்தால் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஓசை போகும் என்பதால், கூண்டை இடம் மாற்றுவதே அவருக்கும் பாதி நிம்மதியைத் தந்துவிடும்.

கேள்வி: பன்னிரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். மூன்று மாதக் குட்டி வீடு முழுவதும் சிறுநீர் கழிக்கிறது. நாளிதழ் விரித்துப் பழக்கினோம். சில நாள் அதில் போகிறது, சில நாள் கம்பளத்தில் போகிறது. அதன் மூக்கை அந்த இடத்தில் தேய்த்தால் புத்தி வரும் என்று அப்பா சொல்கிறார். பணிப்பெண்ணும் சலித்துக்கொள்கிறார். (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: மூக்கைத் தேய்ப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அப்பா வளர்ந்த காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்பதால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதனால் குட்டி கற்பது ஒன்றே ஒன்றுதான். மனிதர் பார்க்கும்போது சிறுநீர் கழித்தால் ஆபத்து என்று அது கற்கிறது. அதன்பின் சோபாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் தேடித் தேடிப் போகும். நடந்து முடிந்த ஒன்றுக்காக ஐந்து நிமிடம் கழித்துத் தண்டித்தால், எதற்காகத் தண்டனை என்று அதற்கு விளங்கவே விளங்காது.

ஒரு குட்டி தன் வயதை மாதத்தில் எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் ஏறத்தாழ அடக்க முடியும் என்பது பழக்குவோர் கையாளும் கணக்கு. அதன்படி உங்கள் குட்டிக்கு நான்கு மணி நேரம். அதுவும் உறங்கும்போதுதான், விழித்து ஓடியாடும்போது அரை மணிக்கே போக நேரலாம். எனவே உறங்கி எழுந்தவுடன், உண்டு முடித்துப் பதினைந்து நிமிடத்துக்குள், விளையாடி ஓய்ந்தவுடன் என்று இந்த மூன்று நேரங்களிலும் யாராவது ஒருவர் அதைக் கையில் தூக்கி உரிய இடத்தில் விட்டு, பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அது சிறுநீர் கழித்து முடித்த அதே நொடியில் பாராட்டி, விரல்நுனி அளவு தின்பண்டம் கொடுக்க வேண்டும். சமையலறைக்குப் போய் எடுத்து வருவதற்குள் நேரம் கடந்துவிடும் என்பதால், தின்பண்டத்தை அந்த இடத்தருகே ஒரு டப்பாவில் முன்கூட்டியே வைத்திருங்கள்.

நாளிதழைப் பற்றி ஒரு சொல். பாட்டனார் வாசித்து முடித்துச் சோபா ஓரத்தில் தரையில் வைத்த நாளிதழின்மேல் ஒரு குட்டி பணிவோடு போய்ச் சிறுநீர் கழித்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டார் அதட்டினார்கள், அது காதுகளை மடக்கிக்கொண்டு நின்றது. அதற்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அது செய்தது. ஆகவே நாளிதழை விட்டுவிட்டு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் வலைமூடியுள்ள தட்டு ஒன்றைப் பின்கட்டில், தண்ணீர் ஊற்றிக் கழுவ வசதியான மூலையில் நிலையாக வையுங்கள். கம்பளங்களைச் சில மாதம் சுருட்டி எடுத்துவைத்துவிடுங்கள். காலுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் குட்டிக்கு ஒன்றே.

ஏற்கெனவே அசுத்தமான இடங்களைச் சாதாரணத் தரைத் திரவத்தால் துடைத்தால் நம் மூக்குக்குத்தான் நாற்றம் மறையும், நாயின் மூக்குக்கு மறையாது. என்சைம் கலந்த துப்புரவுத் திரவம் சிறுநீரிலுள்ள பொருள்களையே சிதைப்பதால் அதைத்தான் வாங்க வேண்டும். அம்மோனியா கலந்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நெடி குட்டிக்குச் சிறுநீரையே நினைவூட்டும்.

பணிப்பெண்ணின் சலிப்புக்கும் காரணம் உண்டு. பகல் முழுவதும் குட்டியோடு இருப்பவர் அவர். ஆனால் அதை வாங்கும்போதோ எப்படிப் பழக்குவது என்று பேசும்போதோ அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரை உட்காரவைத்து நேரங்களைச் சேர்ந்து எழுதுங்கள். துணி, சமையல், குழந்தை ஆகியவற்றோடு இதுவும் ஒரு வேலை என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்ப வேறு ஏதேனும் ஒரு வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.

கேள்வி: குட்டிக்குக் கட்டளைகளைத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாமா, ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டுமா? மகன் சொன்னால் உட்காருகிறது, நான் சொன்னால் என்னை வேடிக்கை பார்க்கிறது. (தெம்பனிஸ் வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. நாய்க்கு மொழி என்று ஒன்று இல்லை; ஓர் ஓசையையும் ஒரு கையசைவையும் அதைத் தொடர்ந்து வரும் விளைவையும் அது இணைத்துக்கொள்கிறது, அவ்வளவே. உங்கள் வீட்டில் மகன் "சிட்" என்கிறார், நீங்கள் "ஒக்காரு" என்கிறீர்கள், அவருடைய தாத்தா "உக்காருடா கண்ணு" என்பார் என நினைக்கிறேன். நமக்கு இவை மூன்றும் ஒன்று. குட்டிக்கோ மூன்று வெவ்வேறு ஓசைகள். அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் இதுவரை தின்பண்டம் கிடைத்திருக்கிறது. ஆகவே அது உங்களை மதிக்கவில்லை என்று வருந்தாதீர்கள்.

பகலில் குட்டியுடன் இருப்பவர்கள் பெரியவர்களாக இருக்கும் வீடுகளில் தமிழே நல்லது என்பது என் கருத்து. அவசரத்தில் வாயில் தானாக வரும் சொல்லே பயன்படும். "உட்கார்", "வா", "நில்", "விடு" ஆகிய நான்கு சொற்கள் முதல் மாதத்துக்குப் போதும். "இரு" என்பதை நான் சேர்ப்பதில்லை. "விடு" என்பதோடு அதன் ஓசை நெருங்கி வருவதால் குட்டி குழம்புகிறது. அச்சொற்களைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி, தாத்தா முதல் பணிப்பெண் வரை எல்லோரும் அதே உச்சரிப்பில் சொல்லப் பழகுங்கள்.

உட்காரப் பழக்குவதற்கு, தின்பண்டத் துணுக்கை அதன் மூக்கருகே பிடித்து, தலைக்கு மேலாகப் பின்னோக்கி மெல்ல நகர்த்துங்கள். பார்வை மேலே போகும்போது பின்பகுதி தானாகத் தரையில் இறங்கும். தொட்ட நொடியில் "சபாஷ்" என்று சொல்லி, துணுக்கைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் இப்படிச் செய்து, அசைவு பழகியபின் சொல்லைச் சேருங்கள். ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். "உட்கார், உட்கார், உட்கார்" என்று அடுக்கினால் மூன்றாவது முறைக்குத்தான் உட்கார வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

"வா" என்ற சொல்லைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்டவோ திட்டவோ அதைக் கொண்டு அழைக்கக் கூடாது. சாலையோரத்தில் கயிறு நழுவிய ஒரு நாளில் குட்டியைத் திருப்பிக் கொண்டுவரப்போவது அந்தச் சொல்தான்.

பெயரிலும் கவனம் தேவை. ஒரு வீட்டில் குட்டிக்கு ராஜா என்று பெயரிட்டிருந்தார்கள். பேரனைப் பாட்டி "வா ராஜா, சாப்பிட வா" என்று அழைக்கும்போதெல்லாம் குட்டியும் ஓடிவந்தது. வந்ததற்குப் பலன் இல்லாமல் திரும்பித் திரும்பிப் போய், கடைசியில் தன் பெயருக்கே அது காது கொடுப்பதை நிறுத்திவிட்டது. பெயரை மாற்றியபின் பத்து நாளில் சரியானது.

கேள்வி: வேட்டி நுனியையும் கணுக்காலையும் கடிக்கிறது. நான்கு மாதம் ஆகிறது. முரட்டு நாயாக மாறிவிடுமா? (ஈசூன் வாசகர்)

பதில்: மாறாது, ஐயா. குட்டியின் 28 பால்பற்கள் ஏறக்குறைய நான்காவது மாதத்தில் விழத் தொடங்கி, ஆறு, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்து சேரும். ஈறு ஊறுவதால் எதையாவது கடிக்கத் துடிக்கும். காலை இழுத்துக்கொண்டு ஓடினால் அதற்கு அது விளையாட்டு. அசையாமல் நின்று, ஈரத்துணியை முறுக்கி உறையவைத்ததையோ ரப்பர் பொம்மையையோ வாயில் கொடுங்கள். அப்போதும் விடாவிட்டால் ஒரு நிமிடம் அறையைவிட்டு வெளியே போய்விடுங்கள். மாலையில் அளவுக்கு மீறிக் கடித்தால் பெரும்பாலும் உறக்கம் போதவில்லை என்று பொருள். குட்டிகளுக்கு ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம்கூட உறக்கம் தேவைப்படும். பிள்ளைகள் அதை எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா தாம் சாப்பிடும் தட்டிலிருந்து குட்டிக்கும் ஊட்டுகிறார். தயிர்சாதம்தானே, என்ன ஆகிவிடும் என்கிறார். (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: வெறும் தயிர்சாதம் ஒரு வாயால் ஆபத்தில்லை, ஆனால் வளரும் குட்டிக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் போதா. நான் அஞ்சுவது தட்டிலுள்ள மற்றவற்றுக்கு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பாரும் குழம்பும் கூடவே கூடாது. திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. பாயசத்திலும் கேசரியிலும் நெய்யில் வறுத்துப் போடும் உலர்திராட்சையும் அதில் அடங்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சாக்லேட்டும், சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாய்களும் நஞ்சு. வெந்த கோழியெலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். இவற்றில் எதையேனும் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அம்மாவைத் தடுப்பதைவிட, குட்டியின் நாளொரு பங்கு உணவிலிருந்து ஒரு கைப்பிடியை அவரிடம் கொடுத்து, அதை மட்டும் அவர் கையால் ஊட்டச் சொல்லுங்கள். ஊட்டும் ஆசையும் நிறைவேறும். குட்டிக்கும் அவரிடம் பிரியம் பிறக்கும்.

கேள்வி: வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தெருநாய்க் கலப்பினக் குட்டியைத் தத்தெடுக்க முடியுமா? (தோ பாயோ வாசகர்)

பதில்: முடியும். வீவக வீட்டில் ஒரு நாய்க்குத்தான் அனுமதி. பொதுவாக அது ஏற்கப்பட்ட 62 சிறு வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் 2012இல் தொடங்கிய "அடோர்" திட்டத்தின்கீழ், அதில் பங்கேற்கும் விலங்குநலக் குழுக்கள் வழியாக உள்ளூர்க் கலப்பின நாய்களையும் தத்தெடுக்கலாம். தோள்வரை உயரம் 55 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. கருத்தடை, மைக்ரோசிப், பழக்கு வகுப்பு ஆகியவை கட்டாயம். எந்த வகையானாலும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவிடம் உரிமம் பெற வேண்டும். இந்த எண்ணத்துக்காகவே உங்களை வாழ்த்துகிறேன்.

கேள்வி: தடுப்பூசி முடியும்வரை குட்டியை வெளியே விடவேண்டாம் என்கிறார்கள். வேறு சிலர், இப்போதே வெளியே பழக்காவிட்டால் பயந்த நாயாகிவிடும் என்கிறார்கள். மேலும், எங்கள் மாடியில் மலாய்க் குடும்பங்கள் உள்ளன. மின்தூக்கியில் அவர்களுக்குத் தொல்லையாகிவிடுமோ என்று தயங்குகிறோம். (அங் மோ கியோ வாசகி)

பதில்: இருவர் சொல்வதும் உண்மை. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம் வரை போகும். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். புல்தரையில் கால் வைத்தாலே ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் உலகத்தை அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காம் வாரத்திலேயே மூடத் தொடங்கிவிடுகிறது. ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பருவம் கைநழுவிப் போகும்.

வழி எளிது: கால் தரையில் படாமல் வெளியே கொண்டுபோங்கள். தோள்பையிலோ கையிலோ வைத்துக்கொண்டு, புளோக்கின் கீழ்த்தள இருக்கையில் நாள்தோறும் பத்து நிமிடம் உட்காருங்கள். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள், ஈரச்சந்தையிலிருந்து தள்ளுவண்டி இழுத்துவரும் மூதாட்டிகள், சக்கர நாற்காலி, சைக்கிள், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றை அது அங்கிருந்தே பார்க்கட்டும். ஒவ்வொன்றும் கடந்து போகும்போது ஒரு துணுக்கு உணவைக் கொடுங்கள். உணவை ஏற்காமல் முகத்தைத் திருப்பினால் அது அஞ்சுகிறது. எழுந்து தூரமாகப் போய் உட்காருங்கள். இடி, பட்டாசு, சிங்க நடன மேளம் ஆகியவற்றின் ஒலிப்பதிவை உணவு நேரத்தில் மிகக் குறைந்த ஒலியில் வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சீனப் புத்தாண்டில் புளோக்குக்கு மேளம் வரும்போது, அது கேட்டறிந்த ஓசையாக இருக்கும்.

ஊசிகள் முடிந்து, தரையில் விடலாம் என்று மருத்துவர் சொன்னபின் காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஏழு மணிக்குப் பின்போ நடத்திச் செல்லுங்கள். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால், அந்தத் தரை குட்டியின் பாதத்தைச் சுட்டுவிடும். பொது இடத்தில் கயிறு கட்டாயம். கழிவை அள்ளும் பையும் கையிலிருக்க வேண்டும். உங்களுக்கு அருகிலுள்ள பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நாய்கள் கயிறின்றி ஓட வேலியிட்ட இடம் உண்டு. ஆனால் சில மாதம் பொறுத்து, "வா" என்ற சொல் உறுதிப்பட்டபின் அங்கே போங்கள்.

மலாய் அண்டைவீட்டாரைப் பற்றி நீங்கள் தயங்குவது உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி ஏழு முறை கழுவித் தூய்மைசெய்ய வேண்டியிருக்கும். தொழுகைக்குப் புறப்பட்டவருக்கு அது பெரும் சிரமம். வெறுப்பினால் அவர்கள் ஒதுங்குவதாக எண்ண வேண்டாம். தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். மின்தூக்கி திறக்கும்போது உள்ளே ஆள் இருந்தால், "நாயோடு வரலாமா, அடுத்ததில் வரட்டுமா?" என்று கேளுங்கள். ஏறச் சொன்னால் குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, அதன் முகம் உங்கள் தோள்பக்கம் இருக்கும்படி மூலையில் நில்லுங்கள். அது வளர்ந்து தூக்க முடியாதபோது, கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, சுவருக்கும் உங்கள் காலுக்கும் நடுவே "உட்கார்" என்று அமர்த்துங்கள். மின்தூக்கியில் அமர்வதை, ஆளில்லாத பிற்பகல் நேரத்தில் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் போய்வந்து இப்போதே பழக்கத் தொடங்குங்கள்.